ஜன்னல் அடைத்த குளியலறை

தையல்காரம்மா மிஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோது எதிர் வீட்டுப் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கை அப்படியே நின்றது. மழைக்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு அது.

வீட்டுக்காரர் ஓர் இளம் தம்பதிக்கு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒற்றைப் படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு பேர் நின்றால் முட்டிக்கொள்ளும் சமையலறை. கணவன் பேருந்து ஓட்டுநர். மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்.

"பாத்ரூம்ல ஜன்னலே இல்லையே சார்?"

"இருந்துச்சும்மா. பக்கத்து பில்டிங்லேர்ந்து எட்டிப் பாக்குறாங்கன்னு அடைச்சுட்டேன். சுடுதண்ணிக்கு கேஸ் கீசர் இருக்கு. திருப்பினா போதும்."

கிளம்பும்போது அந்தப் பெண் தையல்காரம்மாவின் வாசலில் நின்றாள். "வீடு எப்படிக்கா?"

அவளுக்குப் பின்னால் வீட்டுக்காரர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வீடுதாம்மா. காத்து..." என்று ஆரம்பித்தவள், "காலைல வெயில் வரும்" என்று முடித்தாள்.

அந்த வீட்டில் முன்பு தனியாக ஒரு டீச்சர் குடியிருந்தார். குளிக்கப் போனவர் பிணமாகத்தான் வெளியே வந்தார். மாரடைப்பு என்றார் வீட்டுக்காரர். சிலிண்டரைக் கழற்ற வந்த மெக்கானிக் மட்டும் படிக்கட்டில் தையல்காரம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "புகை போக வழியில்லாத ரூம்ல இத மாட்டலாமா? அந்த விஷவாயுவுக்கு வாடையே கிடையாது. ஆளத் தூங்க வச்சே கொன்னுரும்."

அதை அவள் வீட்டுக்காரரிடம் கேட்டும் பார்த்தாள். "நீங்களும் என் வீட்லதான் குடியிருக்கீங்க. ஞாபகம் இருக்கட்டும்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. புருஷனை இழந்தவள், வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு வேறு எந்த வாசலில் போய் நிற்பாள்? வாயை மூடிக்கொண்டாள்.

தம்பதி குடிவந்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "என்னமோக்கா, குளிச்சிட்டு வந்தாலே தலை கனக்குது. கடைக்குப் போனதும் சரியாயிடுது."

"வெறும் வயித்துல குளிக்காதம்மா." சொன்ன நாக்கு அவளுக்கே கசந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் எதிர் வீட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் மிஷினை நிறுத்திவிடுவாள். சத்தம் நின்ற பிறகுதான் கால் பெடலுக்குப் போகும்.

குளிர் அதிகமாயிருந்த ஒரு காலை. ஓட்டுநர் முதல் வண்டிக்குப் போய்விட்டான். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தையல்காரம்மா போய்க் கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள், பதில் இல்லை. தன் வீட்டுக்கு ஓடி கனமான இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்தாள். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு போகும்வரை இடித்தாள். குளியலறைக் கதவையும் அப்படியே. தரையில் கிடந்தவளை ஒரு துணியைச் சுற்றிக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு, கீசரை நிறுத்தி, இருந்த ஜன்னலையெல்லாம் திறந்தாள். மூச்சு நூலிழை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு ஓட்டுநர் யூனிஃபார்மோடு ஓடி வந்தான். வீட்டுக்காரரும் வந்துவிட்டார். "சாப்பிடாம குளிச்சிருப்பா டாக்டர். வெறும் மயக்கம்தான்."

"மயக்கம் இல்ல டாக்டர்" என்றாள் தையல்காரம்மா. "ஜன்னல அடைச்சுட்டு உள்ள கேஸ் கீசர் வச்சிருக்காரு. முன்ன ஒரு டீச்சர் அதே பாத்ரூம்ல செத்தாங்க."

"நீங்க வீட்டக் காலி பண்ணிருங்க" என்று பல்லைக் கடித்தார் வீட்டுக்காரர்.

"பண்றேன். போலீஸ்லயும் இதையே சொல்லிட்டுப் பண்றேன்."

உள்ளே போன டாக்டர் வெகுநேரம் கழித்து வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை, இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்.  ஓட்டுநர் தையல்காரம்மாவிடம் திரும்பி, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?" என்று கேட்டான்.

"தெரியும்ப்பா. நாங்க வீதில நிக்கணுமேன்னு பயந்து சொல்லல. வீடு போனா இன்னொரு வீடு தேடலாம், உசிரை எங்க போய்த் தேடுறது? ஆபத்து இருக்குன்னு தெரிஞ்சும் நமக்கெதுக்கு வம்புன்னு இருக்கிறவங்களும் அந்தக் கொலைக்குக் கூட்டாளிதான். இதை நான் அந்த டீச்சர் செத்த அன்னிக்கே சொல்லியிருக்கணும்."