பேனர் கட்டிய வீடு

அந்தக் காலை அந்த வீட்டு வாசலில் இருந்தவர்கள்: பண உதவி செய்யும் நிறுவனத்திலிருந்து வந்திருந்த ஐயா, அவருக்குக் குடை பிடித்தபடி தலைமை அலுவலகத்து அதிகாரி, கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டிருந்த போட்டோகிராபர், அகதிகளுக்கு உதவும் கள அலுவலகத்தின் தலைவியான மேடம், ஏணியில் நின்று பேனரின் கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்த டிரைவர், அந்த வீட்டில் ஒளிந்து வாழ்ந்த தையல்காரி, அவளுடைய பதின்மூன்று வயது மகள். இத்தனை பேரில் இரண்டு பேர் ஒளிந்து வாழ்கிறவர்கள் என்பது போகப் போக எல்லோருக்கும் மறந்துபோனது.

"பேனர் பெருசு, வீடு சிறுசு மேடம்," என்றார் டிரைவர் ஏணியிலிருந்து. "ஜன்னலையே மறைக்குது. பரவால்லையா?"

"நம்ம சின்னம் தெரியுதா?" என்று அதிகாரி குறுக்கிட்டார்.

"சின்னம் மட்டும்தான் தெரியுது."

அதிகாரி முறைத்தார். டிரைவர் வாயை மூடிக்கொண்டு இறங்கினார்.

சண்டைக்குத் தப்பி வந்த ஜனங்கள் ஊருக்கு வெளியே முகாமில் இருந்தார்கள். அவர்களுக்கு அரிசியும் தார்ப்பாயும் மருந்தும் கொடுப்பது மேடத்தின் வேலையில் பாதி. முகாமுக்குள்ளேயே யாருக்காவது சொந்தக்காரர்களால் ஆபத்து என்றால், அவர்களை வெளியே கொண்டுவந்து மறைத்து வைப்பது மீதி பாதி. முதல் பாதியை எல்லோரும் பார்க்கலாம். இரண்டாவது பாதியை ஒருவரும் பார்க்கக் கூடாது. வேலையே அதுதான்.

தையல்காரியின் புருஷன் சண்டையில் செத்துப்போனான். அவனுடைய அண்ணன், அதாவது அந்தப் பெண்ணுக்குப் பெரியப்பா, குடும்பத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டான். பொறுப்பேற்ற சூட்டோடு, முகாமுக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் ஒருவனுக்கு அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் பேசி முடித்தான். மாப்பிள்ளைக்கு நாற்பது தாண்டியிருந்தது. முன்பே இரண்டு மனைவிகள். தாய்க்காரி முடியாது என்றதற்கு அவள் முன்பல் ஒன்று போனது. அவள் அரிசி வாங்கும் வரிசையில் நின்றபடியே மேடத்தின் காதில் சொன்னாள்: "எம்பொண்ண எங்கயாச்சும் ஒளிச்சு வைங்க மேடம். என்னைய இங்கயே விட்டுட்டாலும் பரவால்ல."

மேடம் இருவரையுமே கொண்டுவந்து, ஊரின் மறுகோடியில் ஒரு மாவு மில்லுக்கு எதிரே வாடகை வீட்டில் வைத்தார். வீடு இருக்கும் இடம் மேடத்துக்கும் டிரைவருக்கும் மட்டுமே தெரியும். கொடி கட்டிய அலுவலக ஜீப் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததே இல்லை. டிரைவர் ஜீப்பைக் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு, சின்னம் அச்சடித்த மூட்டையிலிருந்து அரிசியைச் சாதாரணப் பைக்கு மாற்றி, யாரோ மாமன் வருவதுபோல நடந்து வருவார். அந்தப் பெண்ணும் அவரை மாமா என்றே கூப்பிட்டாள். தெருக்காரர்களுக்கு அவர்கள் வெளியூரிலிருந்து பிழைக்க வந்த தாயும் மகளும், அவ்வளவுதான். மேடம் இந்த விஷயத்தில் கறார். தன் உதவியாளரிடம்கூட முகவரி சொல்லவில்லை.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இப்படிப்பட்ட வீடுகளுக்கான நிதி முடியப்போகிறது, பணம் தருகிறவர்கள் ஒரு வீட்டையாவது நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றார் அதிகாரி. மேடம் மறுத்தார். "காட்டாத வேலைக்கு யாரும்மா காசு கொடுப்பா?" என்று அவர் கேட்டார். "முகத்த மறைச்சிடுவோம். பொண்ணு திரும்பி நிக்கட்டும். வேறென்ன வேணும் உங்களுக்கு?"

நிதி நின்றால் இந்த ஒரு வீடு மட்டுமல்ல, இதுபோன்ற எல்லா வீடுகளும் மூடப்படும். அவற்றிலிருந்த ஒவ்வொரு பெண்ணும் திரும்பப் போகவேண்டிய இடம் எதுவென்று மேடத்துக்குத் தெரியும். ஆகவே அவர் முறைப்படி செய்வது என்று முடிவெடுத்தார். முதல்நாள் மாலை தையல்காரியிடம் போய், சம்மதப் படிவத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், மறுத்தால் எந்த உதவியும் நிற்காது என்ற வரியை இரண்டு தடவை படித்தார். தையல்காரி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நீங்க சொன்னா சரி மேடம்," என்றாள். கையெழுத்தும் போட்டாள்.

போட்டோகிராபர் தையல்காரியை மெஷின் முன்னால் உட்காரவைத்து எடுத்தார். பிறகு வாசலுக்கு வரச் சொல்லி, பேனருக்குக் கீழே நிறுத்தி எடுத்தார். "அம்மா, லேசா சிரிங்க" என்றார். சிரித்தாள். "அவ்வளவு வேணாம்மா" என்றார். பல் போன இடம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"மாமா, நான் எங்க பாக்கணும்?" என்று மகள் டிரைவரைக் கேட்டாள்.

"தெருவப் பாத்து நில்லு பாப்பா. உன் சடைதான் இன்னைக்கு ஹீரோயின்."

இடுப்புவரை தொங்கிய சடையோடு அவள் திரும்பி நின்றாள். போட்டோகிராபர் அவளுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். எதிரே, அன்று விடுமுறை என்பதால் ஆளில்லாமல் கிடந்த மில். ஐயா தையல்காரியிடம் நடந்ததையெல்லாம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே அழுதார். நல்ல மனிதர்தான். அன்று அங்கே இருந்த எல்லோருமே நல்ல மனிதர்கள்தான். ஒரு கெட்டவன்கூட இல்லாமல்தான் இது நடந்தது.

அவர்கள் போனதும் பேனரைக் கழற்றிவிட்டார்கள். நிதி வந்தது. மேடம் வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினார்.

மழைக்காலம் முடிந்தபோது போஸ்டர்கள் சுருள் சுருளாக வந்து இறங்கின. 'உங்கள் பாதுகாப்பே எங்கள் பணி' என்று போட்டிருந்தது. அலுவலக ஆட்கள் அவற்றை முகாம் முழுக்க ஒட்டினார்கள். அரிசி கொடுக்கும் கொட்டகையில், வரிசை கட்டி நிற்கிறவர்கள் பார்க்காமல் தப்பிக்கவே முடியாத இடத்தில், திரும்பி நின்ற மகளின் படத்தோடு பெரிதாக ஒன்று. மேடம் அதன் முன் நின்று முகம் தெரிகிறதா என்றுதான் பார்த்தார். முகம் துளிகூடத் தெரியவில்லை. திருப்தியோடு நகர்ந்துவிட்டார்.

படத்தில் முகத்தைத் தவிர மற்ற எல்லாமே தெளிவாக இருந்தது. மில்லின் பாதி நீலமும் பாதி துருவுமான தகரக் கூரை. அதன் கீழே மூட்டை ஏற்றும் மேடை. முகாம் ஆட்கள் வெளியே வேலைக்குப் போகக் கூடாது என்பது சட்டம். போகிறார்கள் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், தெரியாததுபோல் இருந்தார்கள். அதே மில்லில் மூட்டை சுமந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவன். எதிர் வரிசையில் எப்போதும் சாத்தியே கிடக்கும் வீட்டை அவன் நிமிர்ந்து பார்த்ததில்லை. முதுகில் மூட்டை இருக்கிறவன் தரையைத்தான் பார்ப்பான். இப்போது அரிசிக்கு நின்றபோது பார்த்தான். மில்லைப் பார்த்தான். சடையைப் பார்த்தான். சின்னதிலிருந்து கூடவே இருந்து பார்த்த கண்ணுக்கு முதுகு போதும்.

கழிப்பறைகள் பற்றிய கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மேடத்துக்குப் போன் வந்தது.

"மேடம், வாசல்ல நிக்கிறாரு."

"யாரும்மா?"

"அவருதான். இவ பெரியப்பா. கூட ஆளுங்க இருக்காங்க."

"கதவப் பூட்டு!"

"பூட்டிட்டேன் மேடம். ஒடைக்கிறாங்க."

ஜீப் முதன்முறையாக அந்தத் தெருவுக்குள் கொடியோடு நுழைந்தது. வாசல் கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா மில் மேடையில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்கையில் சுற்றிய கோணிச்சாக்கு நனைந்து சிவந்திருந்தது. கூட வந்தவர்கள் ரத்தத்தைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். தையல்காரி அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள், துணி வெட்டும் கத்தரிக்கோல் இன்னும் அவள் கையில். மகள் உள்ளே கட்டிலுக்கு அடியில் இருந்தாள்.

மேடத்தைப் பார்த்ததும் பெரியப்பா எழுந்து நல்ல கையால் கும்பிட்டான்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு மேடம். நானும் ஊரெல்லாம் தேடி அலுத்துட்டேன். நீங்க வீட்டையே கொண்டாந்து என் கண்ணு முன்னாடி ஒட்டிட்டீங்க."

மேடம் அவனைக் கடந்து வீட்டுக்குள் போனார்.

போலீஸ் வந்தது. நரம்பு அறுந்திருக்கிறது, கை பழையபடி வராது, வழக்குப் போட்டே ஆகவேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். கதவை உடைத்ததற்கு அவன்மீதும் ஒரு வழக்கு. ஆனால் அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். இவள் லாக்கப்புக்குப் போவாள். நிரந்தர முகவரி இல்லாத அகதிக்கு ஜாமீன் என்பது குதிரைக்கொம்பு.

"பொண்ணு தலைய வாரிவிட்டுட்டு வரட்டுமாங்க?" என்று தையல்காரி கேட்டாள். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

அவள் மகளின் சடையை அவிழ்த்தாள். மடக்கி மடக்கிச் சுருட்டி, இறுக்கிக் கொண்டை போட்டாள். மகளைத் திருப்பி நிற்கவைத்து, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தாள்.

"வலிக்குதும்மா," என்றாள் மகள்.

"வலிக்கட்டும். பின்னாடி இருந்து பாத்தா நீன்னு தெரியக் கூடாது. இனிமே இப்படித்தான் போட்டுக்கணும், என்ன?"

டிரைவர் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு கிளம்பினார், கொடியைக் கழற்றிச் சுருட்டி சீட்டுக்கு அடியில் திணித்துவிட்டு. தொலைவில் ஒரு நகரத்தில், பிள்ளைகளை வைத்துக் காப்பாற்றும் இல்லம் ஒன்றில் மேடம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார்.

காவல் நிலையத்துப் பெஞ்சில் தையல்காரியும் மேடமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தலைமை அலுவலகத்திலிருந்து போன். "கையெழுத்து இருக்குல்ல?" என்று அதிகாரி கேட்டார். "அப்ப நமக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல."

"நமக்கு இல்ல சார்," என்று மேடம் போனை அணைத்தார்.

பிறகு தையல்காரியின் பக்கம் குனிந்து, "பாப்பா எங்க போறான்னா..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம்." தையல்காரி அவர் வாயைப் பொத்தாத குறை. "எங்கிட்ட சொல்லாதீங்க மேடம். உள்ள என்ன நடக்கும், வெளிய வந்தா என்ன நடக்கும், யாருக்குத் தெரியும்? அடிச்சுக் கேட்டா சொல்லிருவேன். எனக்குத் தெரியவே வேணாம்."

"எத்தனை வருஷம் ஆகுமோம்மா."

"ஆகட்டும்."

அதற்குமேல் மேடத்தால் அடக்க முடியவில்லை. "அன்னைக்கு நீ வேணாம்னு சொல்லிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை. வேணாம்னாலும் ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குப் படிச்சுக் காட்டுனேனே, இரண்டு தடவை."

"படிச்சீங்க. படிச்சு முடிச்சிட்டுப் பேனாவ நீட்டுனீங்க."

தையல்காரி புடவையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டாள்.

"இருக்குற வீடு உங்களோடது. திங்கிற அரிசி உங்களோடது. வேணாம்னு சொல்லி, காலிபண்ணுன்னுட்டீங்கன்னா? எம்பொண்ணக் கூட்டிட்டு நான் எங்க போவேன்?"

"நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்."

"அது உங்களுக்குத் தெரியும் மேடம். எனக்கு எப்படித் தெரியும்?"

அதில் கோபம் இல்லை. துணிக்கு அளவு சொல்வதுபோல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் மேடத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஒரு பத்திரிகைக்காரர் உள்ளே வந்தார். செய்தி எப்படியோ கசிந்திருந்தது. அவர் மேடத்தைக் கவனிக்காமல் நேராகத் தையல்காரியிடம் போனார்.

"அம்மா, உங்க கதைய எழுதுறேன். பேப்பர்ல வந்தா கேசுக்கு நல்லது. ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

தையல்காரி புடவைத் தலைப்பைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சரிங்க," என்றாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

மேடம் எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"எடுக்காதீங்க."

"அவங்களே சரின்னுட்டாங்களே மேடம்."

"சொல்லுவா. யார் எது கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவா. கேக்குறவன் கையில சோறு இருக்கு, இல்லன்னா உதவி இருக்கு. அவ கையில ஒண்ணும் இல்ல. அவகிட்ட வேணாம்னு சொல்ல என்ன இருக்கு? அது சம்மதம் இல்ல சார், பயம். நான் அந்தப் பயத்துல கையெழுத்து வாங்கிட்டு, முறைப்படி செஞ்சுட்டேன்னு தூங்கினேன்." மேடத்தின் குரல் உயர்ந்தது, எழுதிக்கொண்டிருந்த காவலர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஒருத்தருக்கு உதவி செஞ்சா செஞ்சிட்டுப் போயிடணும். செஞ்சதுக்கு அவங்க மூஞ்சியையும் முதுகையும் கூலியா வாங்கக் கூடாது. நல்லா எழுதிக்கோங்க. என் பேரப் போட்டு, நான்தான் காட்டிக்கொடுத்தேன்னு எழுதுங்க. படம் வேணும்னா என்னைய எடுங்க."

பத்திரிகைக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார். எடுக்கவில்லை.

பெண் காவலர் சாவிக்கொத்தோடு வந்தார். "நேரமாச்சும்மா. வளையல், செருப்பெல்லாம் கழட்டி வச்சிட்டு வா."

தையல்காரி கழற்றினாள். அளவு நாடா இன்னும் கழுத்தில் மாலைபோல் கிடந்தது. காவலர் அதையும் வாங்கிக்கொண்டார். அவள் மேடத்தைத் திரும்பிப் பார்க்காமல், பழக்கமில்லாத வீட்டுக்குள் போகிறவள்போல் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு உள்ளே போனாள். கம்பிக் கதவு அவளுக்குப் பின்னால் மூடியது. காவலர் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.