பாதி மிதி

அன்று காலை பழைய ஓடுதளத்தில் இருந்தவர்கள்: நான். என் அண்ணி. கார்களின் கணினிக்குள் கைவிட்டு வேகத்தைக் கூட்டித் தருகிறவர்; அவர் எங்களுக்கு லேப்டாப். வெள்ளைக் கோட்டருகே நின்று கொடி காட்டுகிறவர்; அவரைக் கொடி என்றே கூப்பிடுவோம். தகர டப்பா போன்ற காரில் காதைக் கிழிக்கும் புகைக்குழாய் பொருத்தி வைத்திருக்கும் பையன்; அவன் பெயர் சத்தம். பிறகு அண்ணனின் கார். அண்ணன் இறந்து ஒரு மழைக்காலம் முடிந்திருந்தது.

விமானங்கள் வருவது எப்போதோ நின்றுபோன இடம் அது. கான்கிரீட் பிளவுகளில் புல் முளைத்திருக்கும். விடுமுறை நாட்களில் இரண்டிரண்டு கார்களாக நிறுத்தி, கொடி இறங்கியதும் கால் மைல் தூரம் நேராக விரட்டுவார்கள். வளைவு இல்லை, பிரேக் இல்லை, பேச்சு இல்லை. கண்ணைக் கொட்டினால் முடிந்துவிடும். அதற்காக ஒரு வாரம் முழுக்கக் காரைப் பிரித்து மாட்டுவார்கள். அண்ணன் அங்கே கொண்டுவந்தது நீளமான கறுப்புக் கார். நான்கு கதவு, தோல் இருக்கை, மரப்பட்டி வைத்த டாஷ்போர்டு. பெரிய முதலாளிகள் பின்னால் சாய்ந்துகொண்டு பேப்பர் படிக்கிற வகை. லேப்டாப் அதன் கணினியைத் திருத்தித் திருத்தி, குரைக்காமல் கடிக்கிற நாய் மாதிரி ஆக்கியிருந்தார். மற்றவர்கள் பந்தயத்துக்கென்று கோடு இல்லாத மொட்டை டயர் கொண்டுவந்து மாட்டுவார்கள். அண்ணன் மாட்டமாட்டார். வீட்டிலிருந்து எந்த டயரில் வந்தாரோ அதிலேயே ஓட்டுவார். சத்தம் கிண்டல் பண்ணினால், "நான் வீட்டுச் செருப்போடதான்பா ஓடுவேன். நீ ஸ்பைக்ஸ் போட்டுக்க" என்பார்.

ரோட்டு டயருக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. கொடி இறங்கியதும் மொத்தமாக மிதித்தால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கும். அதனால் அண்ணன் பாதி மிதிப்பார். ஒரு மூச்சு நிற்பார். அதற்குப் பிறகுதான் மீதி. அது ஓட்டும் முறை மட்டுமில்லை, அவர் பிறவியே அப்படி. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்துவார். எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோது 'சம்' என்று ஆரம்பித்து, டீயை முழுக்கக் குடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் 'மதம்' என்றாராம். அண்ணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிற கதை அது. அவளுக்கு எதையும் உடனே முடிக்க வேண்டும். "சொல்லித் தொலைங்களேன்" என்பதுதான் அந்த வீட்டில் நான் அதிகம் கேட்ட வசனம். நான் மூன்றாம் வருடத்தில் பொறியியல் படிப்பை விட்டதிலிருந்து அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். இரவில் ஒரு குளிர்கிடங்கில் வெப்பநிலைத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பகலில் தூங்குவேன்.

அவர் செத்ததும் அப்படித்தான். அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். மோவாயை உள்ளங்கையில் வைத்துக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். ஒருவர் தேநீர் ஊற்றிக்கொண்டார். இன்னொருவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் உடனே பதறியிருப்பார்கள். அவரைத் தெரிந்தவர்கள் என்பதால் பதறவில்லை. தேநீர் ஆறிய பிறகுதான் ஒருவர் தோளைத் தொட்டிருக்கிறார்.

கார் ஷெட்டிலேயே கிடந்தது. ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார், அன்று மதியம் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. கொடுப்பதற்கு முன் பழக்கத்தை அழிக்க வேண்டும் என்றார் லேப்டாப். பழக்கம் என்பது அவர்கள் தொழிலில் ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கார்களின் கியர்பாக்ஸ் ஓட்டுகிறவனின் காலைக் கவனித்துக்கொண்டே இருக்கும். எப்போது மிதிக்கிறான், எப்போது விடுகிறான் என்று பார்த்து அவனுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். கைமாறும்போது அதையெல்லாம் துடைத்துவிட்டுக் கொடுப்பார்கள். அவர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்திவிட்டு, அப்படியானால் அவர் ஓட்டுவதுபோலத்தான் அது இன்னும் ஓடுமா என்று கேட்டாள். லேப்டாப் கொஞ்சம் யோசித்து, கிட்டத்தட்ட என்றார். அவர் உயிரோடிருந்தபோது அவள் ஒருநாளும் பந்தயம் பார்க்க வந்ததில்லை. அந்தக் காரையே கட்டிக்கொண்டிருக்கலாமே என்று திட்டி அனுப்புவாள்.

"அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் அதுல உக்காரணும். தம்பி, நீ ஓட்டு" என்றாள்.

நான் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். கண்ணில் மணல். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். துடைத்துவிட்டால் அவரைப்பற்றி மிச்சமிருப்பது சட்டைகளும் ஒரு மூக்குக்கண்ணாடியும்தான். அவை அசையாது. இது அசையும்.

ஓடுதளத்தில் பனி இறங்கிக்கொண்டே இருந்தது. தூரத்து முனை தெரியவில்லை. கான்கிரீட் வெள்ளைக்குள் போய் முடிந்துவிட்டது மாதிரி இருந்தது. கொடி அண்ணியைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். சத்தம்கூட இன்ஜினை அணைத்துவிட்டான். அவனோடு ஓடுவதாக ஏற்பாடு. அதுவும் அண்ணி கேட்டதுதான். தனியாக ஓடினால் அது பந்தயம் ஆகாதாம்.

கோட்டுக்குப் போகும் முன் டயரைச் சூடாக்க வேண்டுமென்று பிரேக்கைப் பிடித்துப் பின்சக்கரத்தைச் சுற்றவிட்டேன். மொட்டை டயர்க்காரர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து வந்த புத்தி. அவர்களுக்கு டயர் சூடாகச் சூடாகப் பசை மாதிரி ஒட்டும். ரோட்டு டயர் அதிகம் சூடானால் சோப்பு. லேப்டாப் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார்.

"கெடுத்தியே. இனிமே இது நிக்காதுடா. மிதிச்சேன்னா பின்பக்கம் அப்படியே திரும்பிக்கும். ஆறட்டும், மதியத்துக்கு மேல பாத்துக்கலாம்."

மதியம் வாங்குகிறவர் வந்துவிடுவார். அண்ணி பெல்ட்டை மாட்டிக்கொண்டே, ஓட்டு என்றாள். அவள் ரோட்டைப் பார்க்கவில்லை. இருக்கையில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. தூக்கமில்லாத கோபம். கியர்பாக்ஸில் ஆள் இல்லை, அது இரும்பும் எண்ணெயும்தான் என்று அவளுக்குக் காட்டிவிட வேண்டும் போலிருந்தது. வழுக்கட்டும், திரும்பட்டும், புகை கக்கட்டும், அத்தோடு இந்தக் கதை முடியட்டும். கொடி இறங்கியது. மொத்தமாக மிதித்தேன்.

கால் பாதியில் நின்றது.

பெடல் தடுக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் லேப்டாப் சொன்ன விளக்கமெல்லாம் கியர்பாக்ஸைப் பற்றியது. நின்றது என் கால். யாரோ மேலே கால் வைத்து அழுத்தியதுபோலவோ கீழிருந்து தாங்கியதுபோலவோ இல்லை. அந்தக் கால் அவசரப்படவில்லை, அவ்வளவுதான். என் முழங்காலிலிருந்து கீழே இருந்தது அவசரம் தெரியாத ஒருவருடைய கால். பக்கத்தில் சத்தத்தின் கார் வெடித்துக்கொண்டு முன்னால் போனது. எங்கள் கார் மெல்ல நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது போல் இருந்தது. அந்த நிசப்தத்தில் அண்ணி பேசினாள். திட்டுகிற குரல் இல்லை. அந்தக் குரலை நான் அந்த வீட்டில் கேட்டதே இல்லை.

"பரவால்ல. மெதுவாவே வாங்க."

என்னை அவள் வாங்க போங்க என்று கூப்பிட்டதில்லை. நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கால் மீதியையும் மிதித்தது. சோப்பாகியிருக்க வேண்டிய டயர் கான்கிரீட்டைக் கவ்வியது. முதுகு இருக்கைக்குள் புதைந்தது. வெள்ளைக்குள் நுழைந்தோம். சத்தத்தின் காரை எங்கே கடந்தோம் என்று தெரியாது. அவன் பின்னால் எங்கோ ஒரு சின்னக் கிறீச்சொலியாகிப் போனான்.

"நிறுத்து தம்பி" என்றாள் முனையில். இது எனக்குச் சொன்னது.

நிறுத்தினேன். என் கால் என்னுடையதாகத் திரும்பியிருந்தது. அவள் இறங்கிக் கதவை விரியத் திறந்து, கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மூடிவிட்டு, நடந்தே வருவதாகச் சொன்னாள். ஓடுதளத்தின் நடுக்கோட்டுக்கு ஒரு பக்கமாகவே நடந்தாள், மறுபக்கத்தை விட்டுவைத்து. இரண்டு முறை நடையைக் குறைத்துக்கொண்டாள். எப்போதும் ஓட்டமும் நடையுமாகப் போகிறவள். நான் பின்னாலேயே காரை ஓட்டிவந்தேன். மிதித்தால் போனது, விட்டால் நின்றது. வாடகைக் கார் மாதிரி இருந்தது. இன்னும் யாரும் எதையும் அழித்திருக்கவில்லை.

சத்தம் வந்து என் தோளில் தட்டி, உங்க அண்ணனே வந்து ஓட்டின மாதிரி இருந்துச்சு என்றான். ஆறுதலுக்காகச் சொல்வதுதான். லேப்டாப் தன் கணினியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தார். வேண்டுமானால் அந்தப் பழக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துத் தரலாம், பிற்பாடு வேறொரு வண்டியில் ஏற்றலாம் என்று ஏதோ தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வேணாம் சார், அழிச்சுடுங்க. இனிமே அதுல ஒண்ணுமில்ல" என்றாள், குழாயை மூடச் சொல்கிற மாதிரி.

அழித்தார். சரிபார்க்க அவரே உட்கார்ந்து ஒரு தடவை மிதித்துப் பார்த்தார். பின்சக்கரம் சுழன்று, கார் குறுக்காகத் திரும்பி, புகையோடு புல்லில் போய் நின்றது. கொடி சிரித்தார். அண்ணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

என்னுடைய பழைய சின்னக் காரில் வீட்டுக்குக் கிளம்பினோம். அண்ணி இடப்பக்க முன் கதவைத் திறந்தாள், குனிந்து, எனக்குப் பக்கத்து இருக்கையைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினாள். அண்ணன் நெடியவர். பிறகு அவள் பின்னால் போய் என் முதுகுக்குப் பின்னே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். வழியெல்லாம் இடப்பக்கம் திரும்பிப் பார்க்காமலே ஓட்டினேன். கண்ணாடியில் பார்க்க வேண்டிய இடத்திலும் பார்க்கவில்லை. வெயில் ஏறிவிட்டிருந்தது, ஜனங்கள் பை தூக்கிக்கொண்டு போனார்கள், ஒரு பள்ளிப் பேருந்து எங்களை முந்தியது. இவ்வளவு வெளிச்சத்திலும் என் இடது கை முழுக்க மயிர்க்கூச்செறிந்தபடியே இருந்தது.

வாசலில் நிறுத்தினேன். நான் சாவியை உருவி, பையை எடுத்து, காரைப் பூட்டி முடிப்பதற்குள் அவள் வீட்டுக் கதவைத் திறந்திருந்தாள். உள்ளே போகவில்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அகலமான ஆள் ஒருவர் உள்ளே போக வழிவிடுவதுபோல நின்றாள். அவசரப்படுத்தவில்லை. பாதியில் எதற்கோ காத்திருந்தாள். பிறகு தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, பின்னாலேயே தானும் நுழைந்தாள். நான் படியில் கால் வைத்திருந்தேன். அவளுக்கு என் செருப்புச் சத்தம் கேட்டிருக்கும். கதவு மூடியது. உள்ளே சாவி ஒரு சுற்று சுற்றியது, பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.