சிரிப்பதற்கு விட்ட இடம்

காலைக் காட்சி முடிந்து வெளியே வந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். இயக்குநர் வாசல் தூணுக்குப் பக்கத்தில் நின்று எண்ணினார். தொப்பியை நெற்றி வரை இறக்கிவிட்டிருந்தார். அதற்கு அவசியமே இல்லை, அவர் முகம் அங்கே யாருக்கும் தெரியாது.

மைக் பிடித்த இரண்டு யூடியூப் சேனல்காரர்கள் வழியை மறித்துக்கொண்டு வந்தவர் போனவர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"படம் எப்படிண்ணே இருக்கு?"

"எது, நடுநடுவுல ஓடுச்சே, அதுவா?" என்றார் தலைக்கவசத்தைக் கையில் மாட்டியிருந்த ஒருவர்.

"நான் பயப்படவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. ஏசி நல்லா இருந்துச்சு" என்றாள் ஒரு பெண். அவள் கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "நான் தூங்கிட்டேன்ங்க, எங்கிட்ட கேக்காதீங்க" என்றார்.

மூன்றாவதாக வந்த கல்லூரி மாணவன்தான் விஷயத்தைப் பிடித்தான். "பேய் ஒரு ஜோக் சொல்லுது ப்ரோ. சொல்லிட்டு நம்மளையே பாத்துக்கிட்டு நிக்குது. நாம ஏதாவது பதில் சொல்லணுமா? பக்கத்துல இருக்கறவனும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கறான். எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரியே இருக்கு. முதல் பாகம் எவ்ளோ நல்லா இருந்துச்சு!"

கடைசியாக இயக்குநரின் அக்கா வந்தாள். படத்தொகுப்பு அவளுடையது. பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்த நோட்டை மார்போடு அணைத்திருந்தாள். "எத்தனை இடத்துலக்கா சிரிச்சாங்க?" என்று இயக்குநர் கேட்டார். அவள் நோட்டைத் திறக்காமலே சொன்னாள்: "ரெண்டு. அதுல ஒண்ணு, எவனோ கொட்டாவி விட்டதுக்கு."

நான்கு வருடங்களுக்கு முன்னால் முதல் பாகத்தை ஒரே ஒரு வாடகை வீட்டில் பத்தொன்பது நாளில் எடுத்திருந்தார்கள். யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ஓடியது. அப்போது பார்த்தவர்கள் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: சிரிப்புச் சத்தத்தில் அடுத்த வசனம் காதில் விழவில்லை. அக்காவும் தம்பியும் அதை மனதில் இருத்திக்கொண்டார்கள். நிறுத்துக் கடிகாரத்தோடு பதினோரு முறை தியேட்டருக்குப் போய் ஒவ்வொரு சிரிப்பும் எத்தனை விநாடி நீடிக்கிறது என்று அளந்தார்கள். சராசரி மூன்றரை. இரண்டாம் பாகத்தின் படப்பிடிப்பில், ஒவ்வொரு நகைச்சுவை வசனத்துக்குப் பிறகும் இயக்குநர் கேமராவுக்குப் பின்னாலிருந்து விரல்களை உயர்த்துவார். விரல் இறங்கும்வரை நடிகர்கள் அசையக் கூடாது. சிரிப்பதற்கென்று அப்படி நூற்று எழுபத்து நான்கு இடங்கள் விடப்பட்டிருந்தன. படத்தொகுப்பு அறையில் அது குறையாகத் தெரியவில்லை. அங்கே அவர்கள் இருவருமே சிரித்து அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள். தியேட்டரில் யாரும் சிரிக்காதபோது அது வெறும் பள்ளமாகத் தெரிந்தது.

தியேட்டர் மேலாளர் இயக்குநரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பா பாதி திறந்திருந்தது.

"மத்த நாலு தியேட்டர்லயும் மதியக் காட்சியே கிடையாது, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நானும் எடுத்துடுவேன். முதல் பாகம் எனக்கு நல்லா ஓடின படம், அந்த முகத்துக்காகப் பாக்கறேன். சாயங்காலக் காட்சிக்கு நூறு பேர் வரலைன்னா நாளையிலேர்ந்து ஸ்க்ரீன் வேற படத்துக்கு."

விநியோகஸ்தர் முன்பே சொல்லியிருந்தார்: ஏதாவது ஒரு தியேட்டரிலாவது ஞாயிறு வரை படம் நின்றால்தான் மற்ற ஊர்களுக்குப் போகும். இல்லையென்றால் படம் பதிந்த வட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்ட வேண்டியதுதான். இயக்குநருக்கு வயது நாற்பத்தொன்று. இந்த நான்கு வருடத்தில் அவரை வேறு யாரும் படம் எடுக்கக் கூப்பிடவில்லை. இது படுத்தால் இனிமேலும் கூப்பிட மாட்டார்கள்.

"சார், சாயங்காலத்துக்கு வேற பிரதி கொண்டு வந்தா போடுவீங்களா? இதே படம்தான். பத்து நிமிஷம் குறைச்சு."

"ஆறு மணிக்கு முன்னாடி கொண்டாங்க. ஆபரேட்டர் ஏத்தணும்."

இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை மாடியில் இருந்தது அக்காவின் அறை. போனதும் அவள் முதல் காரியமாகத் தம்பியின் போனையும் தன் போனையும் அணைத்து மேசை இழுப்பறையில் போட்டாள்.

"அதுல என்ன எழுதறாங்கன்னு பாத்தா கை நடுங்கும். முடியறவரைக்கும் தொடாத."

"யாராவது நல்லபடியா எழுதியிருந்தா?"

"யாரு, உன் பொண்டாட்டியா?"

ஒவ்வொரு இடமாக வெட்டினாள். முதல் அரைமணி நேரம் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க ஒரு விநாடி விடலாம்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வெட்டிக்கொண்டே போனாள். கடைசியில், "உன் விரலைப் பாத்துப் பாத்துத்தானேடா இந்தக் கதிக்கு வந்தோம்" என்றாள். அதன்பிறகு அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். சாப்பிட வாங்கி வந்த ரொட்டி உறை பிரிக்காமலே கிடந்தது. நாலேகால் மணிக்கு நூற்று எழுபத்து நான்காவது இடமும் போய்விட்டது. முதல் ரீலை ஓட்டிப் பார்த்தார்கள். வசனத்தின் மேல் வசனம் வந்து விழுந்தது. பேய் தடுமாறியது, பயந்தவன் உளறினான். தம்பி தன்னை மறந்து சிரித்தார். அக்கா திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான்டா படம்" என்றாள். "இதை நேத்தே பண்ணியிருக்கணும்."

ஐந்தேமுக்காலுக்கு வட்டு தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு பத்துக்கு இயக்குநர் வாசலுக்கு வந்தபோது டிக்கெட் ஜன்னலில் வரிசை தெருமுனை வரை நின்றது. அவருக்கு நம்ப முடியவில்லை. எண்ணத் தொடங்கி, எழுபதில் குழம்பி, விட்டுவிட்டார்.

அந்த வரிசையிலிருந்து விலகி, கூட்டத்துக்கு மேலே தலை தெரிய, எல்லாரும் நெட்டை என்று கூப்பிடும் நடிகர் வந்தார். இரண்டு பாகத்திலும் பேய் அவர்தான். பகலில் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். படத்தில் முகம் முழுக்கச் சாம்பல் பூச்சு என்பதால் நேரில் யாரும் அடையாளம் கண்டதில்லை.

"என்னப்பா, போனை ஏன் அணைச்சு வச்சிருக்க? எத்தனை தடவை கூப்பிடறது!"

"வேலையா இருந்தோம்ண்ணே. அண்ணே, கூட்டத்தைப் பாத்தீங்களா? இந்தப் படம் எழுந்துருச்சுண்ணே!"

நெட்டை சிரிக்கவில்லை. தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். காலையில் பேசிய அதே கல்லூரி மாணவன், மதியக் காட்சிக்கு நண்பர்களோடு மறுபடியும் வந்திருக்கிறான். பேய் வசனம் சொல்லிவிட்டு நிற்கிறது. இருட்டில் பத்துப் பதினைந்து குரல்கள் சேர்ந்து எண்ணுகின்றன: "ஒண்ணு... ரெண்டு... மூணு!" பேய் அசைகிறது. தியேட்டரே உருண்டு சிரிக்கிறது. 'இந்த வருஷத்தோட மட்டமான படம், நிக்கறதைப் பாக்கவே போங்க' என்று மேலே எழுதியிருந்தான். இரண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"என் பொண்ணுதான் அனுப்புனா" என்றார் நெட்டை. "இவங்க எல்லாம் நான் நிக்கறதைப் பாக்கத்தான் வந்திருக்காங்க."

இயக்குநர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "அதைத்தாண்ணே எல்லாத்தையும் வெட்டிட்டோம்."

மேலாளர் அறையில் அக்காவையும் சேர்த்து மூவரும் நின்றார்கள். மேலாளர் டிக்கெட் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நூத்தித் தொண்ணூத்தாறு. இன்னும் வந்துட்டே இருக்கு. ரெண்டு பிரதியும் மெஷின்ல இருக்கு. எதைப் போடணும்னு அஞ்சு நிமிஷத்துல சொல்லுங்க."

இயக்குநர் அக்காவைப் பார்த்தார். காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"புதுசைப் போட்டா எண்ணறதுக்கு ஒண்ணும் இருக்காதுக்கா. ஏமாத்திட்டாங்கன்னு பாதியில எந்திரிச்சுப் போயிடுவாங்க. நாளைக்கு ஒருத்தனும் வரமாட்டான்."

"நீ முடிவு பண்ணிட்டுத்தானே கேக்கற? என்னை எதுக்குடா கேக்கற?"

"அக்கா, கூட்டம் இருக்குக்கா. எதுக்கு வந்தா என்ன?"

அவள் நெட்டையின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, சிரிப்பாங்க. உங்களைப் பாத்துத்தான் சிரிப்பாங்க."

நெட்டை தோளைக் குலுக்கினார். "நான் பேய்தானேம்மா. நின்னுட்டுப் போறேன். பழசையே போடச் சொல்லு."

படம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் முதல் இடைவெளி வந்தது. இருநூறு பேர் எண்ணினார்கள். மூன்றில் கூரை அதிர்ந்தது. அடுத்த இடத்தில் விசில். அதற்கடுத்த இடத்தில் யாரோ, "அண்ணே, பஸ் போயிருச்சு!" என்று கத்த, இயக்குநரும் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பயந்துபோய் நெட்டையைப் பார்த்தார். நெட்டையும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். "எண்ணறதுல ஒரு ஒழுங்கு இருக்குப்பா" என்றார் காதோரமாக. "நீ விரல் காட்டினதை விட இவங்க சரியா எண்ணறாங்க."

அக்கா சிரிக்கவில்லை. இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளைக்கு முன்னால் ஒரு காட்சி இருந்தது. படத்தில் வேடிக்கை இல்லாத ஒரே காட்சி. பேய் தன் சொந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போகிறது. அதன் மகள் தனியாக இருக்கிறாள், அவள் கண்ணுக்குப் பேய் தெரியாது. மேசையில் இரண்டு தட்டு வைக்கிறாள். பிறகு நினைவு வந்து ஒன்றை எடுத்து அலமாரியில் வைக்கிறாள். பேய் சொல்கிறது: "எனக்கு இன்னைக்குப் பசிக்கலைம்மா." சொல்லிவிட்டு அங்கேயே நிற்கிறது. அதற்கு இயக்குநர் விரல் காட்டவில்லை. நெட்டை தானாக நின்றது அது. எடுத்து முடித்தபோது லைட்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

"ஒண்ணு!" என்றது தியேட்டர். "ரெண்டு! மூணு! நாலு! அஞ்சு!"

ஐந்து வரை போனது இதுதான் முதல்முறை. அந்த உற்சாகத்தில் மேலும் சத்தம் ஏறியது. "பசிக்கலையாம்டா!" என்று முன்வரிசையில் ஒருவன் எழுந்து கத்தினான். சிரிப்பு அலையலையாக வந்தது. மகளின் முகம் திரையில் இருக்கும்போதே அது நிற்கவில்லை.

நெட்டை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். குனிந்து, யாருடைய காலையும் மிதிக்காமல் வெளியே போனார்.

இடைவேளையில் மேலாளர் இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாளைக்கு நாலு காட்சியும் உங்களுக்குத்தான். ஞாயித்துக்கிழமை வரைக்கும் பேச்சே இல்ல. ஆனா இதே காப்பிதான், என்ன?"

"இதேதான் சார்" என்று சொல்லிவிட்டு இயக்குநர் நெட்டையைத் தேடிப் போனார். மாடிப்படியின் அடியில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அக்கா முன்பே அங்கே வந்திருந்தாள்.

"அண்ணே, படம் நின்னுருச்சு. ஞாயிறு வரைக்கும் இருக்கு."

"நல்லது."

"அண்ணே..."

"நூத்தி எழுபத்து நாலு இடத்துல நின்னேன்" என்றார் நெட்டை. "அதெல்லாம் நீ விரல் காட்டினதுக்கு நின்னது. யார் வேணா சிரிச்சுட்டுப் போகட்டும். அந்த ஒரு சீனை மட்டும் எடுத்துடுப்பா."

"அதை எடுத்துட்டா படத்துல ஒண்ணுமே இல்லண்ணே! நாம எடுத்ததுலயே..."

"தெரியும்."

"நாளைக்கு ஒருவேளை அமைதியா பாப்பாங்கண்ணே. இன்னைக்கு ஏதோ..."

"பாக்க மாட்டாங்க. இன்னைக்கு ராத்திரியே அதையும் போன்ல எடுத்துப் போடுவாங்க. என் பொண்ணு அதைப் பாப்பா." குழாயைத் திறந்து கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வேற எதுவும் கேக்கல உன்கிட்ட."

தான் எடுத்ததிலேயே தனக்குப் பெருமையாக இருந்த ஒன்று அது என்பதை இயக்குநர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அக்கா நோட்டைத் திறந்தாள். "எங்கேர்ந்துண்ணே வெட்டட்டும்?"

"கதவைத் திறக்கறதுலேர்ந்து."

"முடிவு?"

"அவ விளக்கை அணைக்கற வரைக்கும்."

"ஒரு நிமிஷம் நாப்பது வரும்" என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.

மணி அடித்தது. கூட்டம் நொறுக்குத்தீனிப் பொட்டலங்களோடு உள்ளே திரும்பியது. கதவு மூடிய சிறிது நேரத்தில் எண்ணும் குரல் வெளியே கேட்கத் தொடங்கியது. மூவரும் வாசலைத் தாண்டி மருந்துக்கடைப் பக்கம் நடந்தார்கள். மறுநாள் காலைக் காட்சிக்கு முன்னால் அந்த ஒரு நிமிடம் நாற்பது விநாடியைப் படத்திலிருந்து எடுத்தாக வேண்டும்.