கம்பளத்தில் எத்தனை கொம்பு

எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் சைரகான் தலை பின்னிக்கொண்டாள். மகள் பெகிமாய் பிடித்து உட்காரவைத்துப் பின்னிவிட்டாள் என்பதுதான் சரி. மாப்பிள்ளையைப் பெற்றவர்கள் மதியத்துக்குள் வந்துவிடுவார்கள். வெந்த ஆட்டு ஈரலையும் வால்கொழுப்பையும் இரண்டு வீட்டாரும் ஒருவர் வாயில் ஒருவர் ஊட்டிவிட்டால் நிச்சயம் முடிந்த மாதிரி. அப்புறம் யாரும் பேச்சு மாற முடியாது. வீடே தலைகீழாகக் கிடந்தது.

"அம்மா, நிமிந்து உக்காரு. நீ சிரிக்கக்கூட வேணாம், அழாம இருந்தாப் போதும்."

கணவன் தொக்தோசுன் ஐந்தாவது முறையாக ஜன்னலில் தலையை நீட்டினான். "இங்க பாரு சைரா, உன் வயித்துச் சமாச்சாரத்தப் பத்தி மூச்சு விடக்கூடாது. பொண்ணு வாழ்க்கை. யாராச்சும் கேட்டா வாயுத் தொல்லைன்னு சொல்லிரு."

வயிற்றுச் சமாச்சாரம் என்றால் ஈரலில் புழு கட்டிய நீர்க்கொப்புளம். ஓஷ் நகரத்தில் இரண்டு முறை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். இரண்டாம் முறை வீடு திரும்பியவள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவள்தான். மாத்திரை வேலை செய்கிறது, பயமில்லை என்றார் டாக்டர். செய்தால் செய்யட்டும், யாருக்கு வேண்டும்? ரொட்டி மண்ணாக இருந்தது. மகள் பேசினால் அடுத்த வீட்டில் யாரோ பேசுவதுபோல் இருந்தது. சுவரில் தொங்கிய கம்பளத்தில் ஆட்டுக்கொம்புப் பூவேலை. அதை எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. அறுபத்துநாலு கொம்பு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சோம்பேறி என்றது ஊர். சோம்பேறிக்காவது தூக்கம் வரும், இவளுக்கு அதுவும் கிடையாது.

வெளியே தொக்தோசுன் ஆட்டை அறுத்து வயிற்றைத் திறந்தான். ஈரலைத் தூக்கியவன் கை அப்படியே நின்றுவிட்டது. ஜன்னலில் இருந்த சைரகானுக்கும் தெரிந்தது: கட்டைவிரல் பருமனில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளங்கள். சாலையில் வண்டிப் புழுதி கிளம்பிவிட்டது. அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான், ஈரலை நாய்க்கு வீசிவிட்டான்.

இந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான். கெட்ட ஈரல் நாய்க்கு. ஓஷ் டாக்டர் காகிதத்தில் படமே போட்டுக் காட்டியிருந்தார்: ஆட்டு ஈரல், நாயின் வாய், நாயின் கழிவு, பிள்ளைகளின் கை. அன்று அவள் தலையாட்டியதோடு சரி. இப்போது அந்தப் படம் முற்றத்தில் நின்றது. தினமும் அந்த நாயின் கழுத்தைச் சொறிந்துவிட்டு அதே கையால் மாவு பிசைகிறவள் பெகிமாய்.

சைரகானுக்குக் கோபம் வந்தது. எட்டு மாதமாக எதற்குமே வராத கோபம், சுடச்சுட வந்தது. வாசலைத் தாண்டியது அவளுக்கே தெரியாது. வெறுங்காலோடு பாய்ந்து ஈரலின் ஒரு நுனியைப் பிடித்தாள். மறுநுனி நாயின் பல்லில்.

"விடுடா, பாழாப்போனவனே. விடுங்கிறேன்ல."

"அடியே, வண்டி வந்துருச்சுடி," என்று தொக்தோசுன் கெஞ்சினான்.

வண்டி வந்தேவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா உல்கான் வெள்ளை முக்காட்டோடு இறங்கினாள், பின்னால் அவள் புருஷன். அவர்கள் கண்டது, முட்டி போட்டு, முழங்கை வரை ரத்தமாக, நாயோடு மல்லுக்கட்டும் சம்பந்தியம்மாளை. ஒரே இழுப்பு. ஜெயித்தது அவள்தான். நேரே போய் ஈரலை அடுப்பு நெருப்பில் திணித்தாள்.

"என்ன இது?" என்றாள் உல்கான்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி, சும்மா விளையாட்டு," என்றான் தொக்தோசுன்.

"விளையாட்டு இல்ல," என்றாள் சைரகான். முடிந்தது, சம்பந்தம் போச்சு. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "இதே கொப்புளம் என் ஈரல்லயும் இருந்துச்சு. ரெண்டு தடவ அறுத்தாங்க. எட்டு மாசமாப் படுத்த படுக்கை. வலியில்ல, எந்திரிக்கவே தோணல. சொல்லக்கூடாதுன்னாங்க, சொல்லிட்டேன். பிடிக்கலன்னா வண்டியத் திருப்பிக்கங்க."

பெகிமாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உல்கான் அடுப்பருகே வந்தாள். கருகும் ஈரலைப் பார்த்தாள்.

"உங்க சுவர்க் கம்பளத்துல எத்தனை கொம்பு, சம்பந்தி?"

"அறுபத்துநாலு," என்றாள் சைரகான்.

"எங்க வீட்டுல ஐம்பத்திரண்டு. ஒண்ணரை வருஷம் எண்ணினேன். எனக்கு இதே கொப்புளம் நுரையீரல்ல."

"வழியெல்லாம் வாயக் கட்டிக்கிட்டு வாடின்னு தலையில அடிச்சுக்கிட்டேன்," என்று முனகினார் அவள் புருஷன். தொக்தோசுன் இன்னொரு ஆட்டுக்கு ஓடினான்.

பக்கத்து வீட்டிலிருந்து ஆடு வந்தது. அதன் ஈரலை இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கத்தியோடு மெல்லிசாக அரிந்து, வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். சுத்தம். வெந்ததும் உல்கான் ஈரலும் கொழுப்புமாக ஒரு துண்டை சைரகானின் வாயில் வைத்தாள்.

உப்பு தெரிந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக நாக்கில் உப்பு தெரிந்தது. மென்று விழுங்கிவிட்டு, "இன்னொண்ணு குடுங்க," என்றாள். அம்மா அழக்கூடாது என்று காலையில் சட்டம் போட்ட பெகிமாய், அங்கேயே நின்று விக்கி விக்கி அழுதாள்.