டேரல் புச்கோவுக்குப் பிடிக்காத கேம்

வெஸ்காட் ஊரில் டேரல் புச்கோ ‘லான்டர்ன் கோஸ்ட்’ என்ற கேமை ஆட உட்கார்ந்தால் அந்த அறைக்குள் நாலு மணி நேரம் போகும். வெளியே ஆறு நிமிஷம்தான் ஆகியிருக்கும். இது முதலில் தெரியவந்தது கனோலா என்ற எண்ணெய் வித்தின் விலை விழுந்த வருஷம், மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, ராஸ் ஃப்ரீசன் வீட்டுக் கீழ்த்தளத்தில். ராஸின் மனைவி மாடியில் பெரோகிக் கொழுக்கட்டையை வெண்ணெயில் பொரியப் போட்டுவிட்டு, சிவந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். அதற்குள் டேரல் கேமில் முப்பத்தாறு காளான் பறித்து, ஒரே நண்டிடம் பதினெட்டு முறை செத்து, கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலியோடு மேலே ஏறி வந்தான். பெரோகியின் ஒரு பக்கம்கூட இன்னும் நிறம் மாறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ராஸ் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தான், காதில் வைத்துப் பார்த்தான், பிறகு இரண்டு பேரும் கைகழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

அந்த கேம் வந்ததிலிருந்து ஊருக்கே பித்துப் பிடித்திருந்தது. கையில் விளக்கோடு ஒரு பெண் கடற்கரை ஓரமாக நடந்து, கலங்கரை விளக்கம் ஒவ்வொன்றுக்கும் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. வெஸ்காட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் கடல் என்று ஒன்று கிடையாது. ஒருவேளை அதனால்தானோ என்னவோ, பனித்தரையில் கல் தள்ளி ஆடும் கர்லிங் கிளப்பில் எழுபது வயதுக்காரர்கள்கூட ஒன்பதாவது கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசி உருகினார்கள். பாதிரியார் அதை வைத்து மூன்று வாரம் பிரசங்கம் செய்தார். உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். டேரலுக்கு மட்டும் அது சுத்த மொக்கையாக இருந்தது. அவன் வீடு வீடாகப் போய், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைப் பழுது பார்ப்பவன். மைனஸ் முப்பத்தைந்து டிகிரிக் குளிரில் ஜனங்கள் அவனைத் தெய்வம் மாதிரி வரவேற்று உள்ளே விட்டு, அடுத்த நிமிஷமே எத்தனையாவது கலங்கரை விளக்கம் வரை வந்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அந்த கேமில் பாலத்து மேல் ஒரு கிழவன் நிற்கிறானே, போகும்போதும் வரும்போதும் “காற்று மாறுகிறது, மகளே” என்று சொல்கிறானே, அவனைப் பிடித்து ஆற்றில் தள்ள ஒரு வழி இருந்தால் சொல்லுங்கள், ஆடுகிறேன் என்பான் டேரல்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடவுள் இல்லை என்று சொல்கிறவனோடு உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். தாங்கள் உருகுகிற ஒரு கேம் இன்னொருவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் அவர்களால் அதைத் தாங்கிக்கொள்ள முடியாது. திட்ட மாட்டார்கள், பாவம் பார்ப்பார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எத்தன மணி நேரம் ஆடுன?” பத்து என்றால், நாற்பது தாண்டணும், அப்புறம் பார் எப்படிச் சூடு பிடிக்குது என்பார்கள். நாற்பது என்றால், நீ ஆடுற விதம் தப்பு என்பார்கள். டேரல் கணக்கில் அதற்குள் நானூறு மணி நேரம் ஆகியிருந்தது. வெளிக் கணக்கில் பத்து மணி நேரம். அதனால் அவன் பேச்சு எங்கேயும் எடுபடவில்லை.

ஆனால் அவனுடைய சலிப்பால் ஊருக்கு உபயோகம் இருந்தது. மே மாதம் விதைப்பு நேரத்தில், மூன்று நாளாகக் கண் மூடாத விவசாயிகள் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் வீட்டு முன்னறைக்கு வந்து தரைவிரிப்பில் வரிசையாகப் படுத்துக்கொள்வார்கள். டேரல் முனகிக்கொண்டே காளான் பறிப்பான். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து பார்த்தால் வெளியே பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்; டிராக்டர் எஞ்சின் சூடுகூட ஆறியிருக்காது. போகும்போது அவர்களிலும் ஒருத்தராவது கதவருகே நின்று, அந்தப் பாலத்துக்கு அடியில ஒரு குகை இருக்கு, பாத்தியா என்று கேட்காமல் போனதில்லை.

அக்டோபரில் அவன் அக்கா மார்னிக்குக் கணையத்தில் கட்டி என்று சஸ்கட்டூன் ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொன்னார்கள். கிறிஸ்துமஸ் வரை என்றார்கள். மார்னி அவனைவிட மூன்று வயது மூத்தவள். தானியக் கிடங்கில் லாரி எடை போடுபவள். லான்டர்ன் கோஸ்ட்டை மூன்று முறை முடித்தவள். சின்ன வயதில் தம்பியைச் சும்மா இருக்க வைப்பதற்காக, இணைப்பில்லாத ஒரு கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்து, நீயும்தான் ஆடுறே என்று இரண்டு வருஷம் ஏமாற்றினாள். அது தெரிந்த நாளிலிருந்துதான் அவனுக்கு கேம் என்றாலே ஆகாமல் போயிற்று என்று அவள் ஊரெல்லாம் சொல்வாள். அது பொய். அதற்கு முன்பும் ஆகாது. மார்னியின் புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை. டேரலுக்கும் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அவன் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, முன்னறை சோபாவில் போர்வையைப் போர்த்தி உட்காரவைத்து, நவம்பர் மூன்றாம் தேதி காலை டிவியைப் போட்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எனக்காக அந்தக் கண்றாவிய ஆடப்போறியா?” என்றாள்.

“ஆமா. பேசாம உக்காரு.”

“பிடிச்சுத் தொலைச்சிடப் போகுதுடா.”

“அந்தப் பயமே வேணாம்” என்றான் டேரல். அதை அவன் மனதாரச் சொன்னான்.

ஊரில் மூன்று வாரம் போனது. அந்த அறைக்குள் ஒரு வருஷத்துக்கு மேல். அவள் நகம் வளரவில்லை, கட்டியும் வளரவில்லை. மாத்திரை ஒன்று போட்டால் வலி நாள்கணக்கில் அடங்கிக் கிடந்தது. அந்த ஒரு வருஷத்தில் இருவரும் பேசாத பேச்சில்லை. அப்பா ஏன் ஆல்பர்ட்டாவுக்குப் போனார், அம்மாவின் முட்டைக்கோஸ் சுருளில் என்ன போட்டாள், ஏரிக்கரைக் குடிலை விற்றது யார் தப்பு. கடைசி விஷயத்தில் சண்டை முற்றி, உள்கணக்கில் நாற்பது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்போதும் அவன் கன்ட்ரோலரைக் கீழே வைக்கவில்லை. அவன் நண்டிடம் சாகும்போதெல்லாம் அவள் போர்வைக்குள்ளிருந்து, “நண்டுக்கே உன்னப் பாத்துப் பாவமா இருக்குடா, ஒரு காலைக் கட்டிக்கிட்டு வரேங்குது” என்பாள். அவன் எரிச்சலில் பல்லைக் கடிப்பான். எரிச்சல் வந்தால் வெளிக் கடிகாரம் இன்னும் மெதுவாகும் என்பது இருவருக்கும் தெரியும். அவள் வேண்டுமென்றேதான் சீண்டினாள் என்று நினைக்கிறேன்.

நவம்பர் இருபத்தைந்தாம் தேதி ராஸ் ஃப்ரீசன், மனைவி சுட்டுக் கொடுத்த ஆப்பிள் பை என்ற பலகாரத்தோடு வந்தான். கெட்டவன் இல்லை. அந்த வீட்டில் என்ன நடக்கிறது, டேரலின் வெறுப்பில்தான் மார்னியின் உயிர் நிற்கிறது என்பதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவன் அந்த கேமை நாலு முறை முடித்தவன். சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து, டேரல் திரை மூலையில் ஒளிர்கிற அம்புக்குறியையே பார்த்துக்கொண்டு, செக்குமாடு மாதிரி அது காட்டிய வழியில் போவதையும் காளானைப் பார்த்த இடத்திலெல்லாம் பிடுங்குவதையும் பார்த்தான். அறைக்குள் அரைமணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். அதற்கு மேல் முடியவில்லை.

“டேய், ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்” என்றான். “அந்த அம்புக்குறிய அணைச்சிட்டு ஆடிப் பாரு. அது இருக்கிற வரைக்கும் நீ இந்த கேமையே பாக்கல.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் வாயை மூட வேண்டும் என்பதற்காக டேரல் அதை அணைத்திருந்தான். திரும்பப் போடலாம் என்று விரலை வைத்தபோது கடற்கரையில் மூடுபனி இறங்கியது. எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. தூரத்தில் எங்கேயோ ஒரு மணி அடித்தது. டேரல் சோபாவின் நுனிக்கு வந்தான். மணிச் சத்தம் வந்த பக்கமாகப் பாறை பாறையாகத் தொட்டுத் தொட்டு நடந்து, ஒரு படகைக் கண்டுபிடித்து, அதன் ஓட்டையை அடைத்துத் தண்ணீரில் தள்ளியபோது அவன் வாய் தானாகவே “ஆஹா” என்றது. நிமிர்ந்து பார்த்தால் ஆப்பிள் பையின் மேல் பச்சையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஜன்னலில் பனி அரையடி ஏறியிருந்தது. தேதி டிசம்பர் நாலு. தினமும் வந்து மருந்து கொடுக்கும் நர்ஸ் ஜோலீன், ஒன்பது நாளும் தான் வந்து போனதாகவும், ஊட்டிய சூப்பை இரண்டு பேரும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே குடித்ததாகவும் எழுதிவைத்திருந்தாள். மார்னியின் கண் மஞ்சளாகியிருந்தது.

டேரல் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். இத்தனை வருஷம் தன் சொத்து என்று அவனிடம் இருந்தது அந்த ஒரு வெறுப்புதான். அதையும் ஒரு படகுக்காகக் கைவிட்டுவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். ராஸைப் போனில் கூப்பிட்டு, என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் கத்தினான். ராஸ் அந்தப் பக்கம் அழுதான். ஆனாலும், படகு கிடைச்சுதா என்று கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தான்.

அம்புக்குறியைத் திரும்பப் போட்டு டேரல் மறுபடி வெறுக்க உட்கார்ந்தான். வெறுப்பு வந்தது, முன் அளவுக்கு இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஆறு நிமிஷம் என்றிருந்தது நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவன் பாலத்துக் கிழவனிடம் போய்ப் போய் நின்று, அவன் சொல்வதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எரிச்சலை ஊதி ஊதி வளர்த்தான். மார்னி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“குடு அத” என்றாள் ஒருநாள்.

“எத?”

“கன்ட்ரோலர. நான் ஆடறேன்.”

“உளறாத. உனக்கு இது பிடிக்கும். நீ ஆடினா வெளிய நாள் எப்படிப் பறக்கும்னு தெரியுமில்ல?”

“தெரியும்.” அவள் போர்வையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஒன்பது நாள் போச்சுன்னு அழுதியே, எனக்கு அது ஒரு மணி நேரம்டா. நீ படகத் தள்ளினபோது நானும் எந்திரிச்சு நின்னேன், நீ பாக்கல. இந்த ஒரு வருஷத்துல எனக்கு வலி மறந்துபோனது அந்த ஒரு மணி நேரந்தான். நீ இழுத்துக் குடுத்த காலம் நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாம் உன் கொட்டாவி, டேரல். நான் உன் கொட்டாவிக்குள்ள உக்காந்திருக்கேன்.”

“நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்றான் அவன். முப்பத்தெட்டு வயதில் அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இல்லை.

“ஃபர்னஸ் ரிப்பேர் பண்ணுவ. குடு.”

கொடுத்தான். அவள் அம்புக்குறியை அணைத்தாள். ஒரு காளானைக்கூடத் தொடாமல் நடந்தாள். நண்டின் முதுகில் ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். அப்படிச் செய்யலாம் என்பதே டேரலுக்குத் தெரியாது. அறைக்குள் ஒரு மத்தியானம்தான் ஆயிற்று. ஜன்னலில் சூரியன் கார் விளக்குப் போலக் கடந்து கடந்து போனது. எதிர்வீட்டுக்காரர்கள் கூரையில் வண்ண விளக்குகளைக் கட்டினார்கள், எரிந்தன, அவிழ்த்தார்கள். ஜோலீன் வந்து போனாள், வந்து போனாள். போதும் என்று சொல்ல டேரல் இரண்டு முறை வாயைத் திறந்தான். இரண்டு முறையும் மார்னியின் முகத்தைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, பதினொரு வயதுப் பெண் மாதிரி, திரைக்குள் போய்விடுபவள் போல உட்கார்ந்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான். கடைசிக் கலங்கரை விளக்கத்தின் படியில் விளக்குக்காரியை உட்காரவைத்துவிட்டு, “பாத்தியா, எவ்வளவு நேரம் ஆச்சு? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு” என்றாள் மார்னி. ஜனவரி ஆறாம் தேதி சாயங்காலம் நாலரை மணி. டாக்டர்கள் சொன்னதற்குப் பன்னிரண்டு நாள் தாண்டியிருந்தாள்.

மார்னியின் அடக்கத்துக்கு ஊரே வந்தது. ஹாலில் ஹாம் சாண்ட்விச்சும் பெரோகியும் வைத்தார்கள். டேரலிடம் யாரும் கேமைப் பற்றிப் பேசவில்லை. எங்கள் ஊருக்கு அது சாமானியமான மரியாதை இல்லை. ஒரு வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன், தேநீருக்குக் கொதித்த கேத்தலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, சாப்பிடாமல் டிவியைப் போட்டான். மார்னி விட்ட இடத்தில் விளக்குக்காரி படியில் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பி, வந்த வழியே திருப்பி, கரை ஓரமாக நடத்திக்கொண்டு போனான். பாலம் வந்தது. காற்று மாறுகிறது, மகளே என்றான் கிழவன். டேரல் நின்று கேட்டுவிட்டு மேலே நடந்தான். பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. எரிச்சலும் வரவில்லை.

கன்ட்ரோலரை வைத்தபோது இரண்டு மணி நேரம் ஆடியிருந்தான். எழுந்து சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்தான். அதிலும் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கேத்தலைத் தொட்டுப் பார்த்தான், ஆறியிருந்தது. மறுபடி அடுப்பில் வைத்தான்.