பக்கத்துக் கட்டில்

மஸ்கட்டில் நாலு தூறல் போட்டாலே ஊர் மொத்தமும் காரை எடுத்துக்கொண்டு மழை பார்க்கக் கிளம்பிவிடும். சுகிர்தராணி மட்டும் என்ன விதிவிலக்கா? அதிலும் அன்று ஜெஸ்மி வந்திருந்தாள். துபாய்ப் பக்கம் அஜ்மானில் நர்ஸ் வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு அடுத்த மாதம் குளச்சலுக்கே போய்விடப் போகிறவள், அதற்குள் பழைய சிநேகிதியோடு ஒரு நாள் இருக்கவேண்டும் என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். எங்கே போகலாம் என்று கேட்டதும் பஹ்லா என்றாள்.

ராணிக்கு ஆச்சரியம். பஹ்லா என்றால் கோட்டை, கூடவே ஜின்னும் சூனியமும். இருவரும் மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் ஒரே அறையில் இருந்த காலத்தில் அந்தப் பேரைக் கேட்டாலே ஜெஸ்மி சிலுவை போட்டுக்கொள்வாள். இப்போது, போவதற்குள் ஒருதடவை பார்த்துவிட வேண்டுமாம். வயதானால் தைரியம் வரும் போலிருக்கிறது என்று ராணி கேலி செய்தாள்.

வழியெல்லாம் அந்த அறைப் பேச்சுதான். நாலு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு கண்ணாடி. ஒரு பொட்டலம் புரோட்டாவை நாலு பேர் பிய்த்துத் தின்றது. ஒரே ஃபோன் கார்டில் ஆளுக்குக் கொஞ்சம் அழுதது. கிறிஸ்துமஸுக்கு நாலு பேரும் ஒரே நிறத்தில் சுடிதார் எடுத்து, பேண்டு செட் கோஷ்டி மாதிரி ரூவித் தெருவில் நடந்தது. சிரித்துச் சிரித்து ராணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு ஊரில் மாடி வைத்து வீடு கட்டினாள், ஆனால் அந்த அறையில் இருந்த சந்தோஷம் அதில் ஒருநாளும் குடியேறவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இருவரும் சுற்றி வளைத்துத் தாண்டிப் போனார்கள்.

கோட்டையைப் பாதி பார்ப்பதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. திரும்பும்போது வாதி என்கிற காட்டாற்றில் செந்தண்ணீர் ரோட்டை மூடிப் பாய, போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவிட்டார். வேறு வழியில்லாமல் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கினார்கள். கடைக்காரர் ஒரு மலையாளி, ஆள் கிடைத்தால் விடமாட்டார். அந்தக் காலத்தில் சூனியம் வைத்ததாகப் பழி விழுந்தவர்களைக் கோட்டை வாசலில் நிறுத்தி ஊரே விசாரித்ததாம், கூடப்பிறந்தவன்கூடப் பக்கத்தில் நிற்கமாட்டானாம். அதில் எவ்வளவு நிஜமோ, எவ்வளவு மசாலாவோ. ராணி டீயை உறிஞ்சியபடி ஜெஸ்மியைப் பார்த்தாள். ஜெஸ்மியின் டீ ஆறிக் கிடந்தது. துப்பட்டாவுக்குள் ஜெபமாலையை இறுகப் பிடித்திருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை.

ராணிக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. இவள் இதையெல்லாம் நம்புகிறாள். இப்போதே இப்படி என்றால், அப்போது?

அப்போது நடந்தது இதுதான். வேலைக்கு வந்த புதிதில் ராணிக்குத் தீராத வயிற்றுவலி. ஓமானிக் கிழவி ஒருத்தி, ராணி நர்ஸாக இருந்த வார்டில் படுத்திருந்தவள், காய்ந்து கறுத்த எலுமிச்சை ஒன்றைக் கொடுத்து, ஊசியால் குத்தி வெந்நீரில் போட்டுக் குடிக்கச் சொன்னாள். ராணி குத்தி, வந்து குடிக்கலாம் என்று தலையணை அடியில் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனாள். அந்த வாரம்தான் அதே அறையில் இருந்த சுபிஷாவுக்குப் பேசி வைத்த கல்யாணம் முறிந்திருந்தது. ஊசி குத்திய கறுப்பு எலுமிச்சை ஒரு தமிழச்சி கண்ணில் பட்டால் அது மருந்தா? செய்வினைதான். சுபிஷாவும் நாலாவது கட்டில்காரி நீலாவும் ராணியைக் கட்டிலில் உட்காரவைத்து பைபிளில் சத்தியம் கேட்டார்கள். செய்தாள். சூனியக்காரிக்குச் சத்தியம் பெரிதா என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரும் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்கள். பின்னால் அதே எலுமிச்சையைக் கடைகளில் சமையல் சரக்காக மூட்டை மூட்டையாகப் பார்த்தபோது வாயைத் திறக்காமல் திரும்பி வந்தார்கள்.

ஜெஸ்மி மட்டும் போகவில்லை. பக்கத்துக் கட்டிலிலேயே படுத்தாள். ஊரே கல்லெடுத்தாலும் என்னை நம்ப ஒருத்தி இருந்தாள் என்ற நினைப்பில்தான் ராணி இந்த நாட்டில் இத்தனை வருஷத்தைத் தள்ளினாள். புருஷனோடு சண்டை, நைட் டியூட்டி அசதி, எதற்கும் அதுதான் அவள் கைமருந்து. அதைப் போய் இப்போது கிளறவேண்டுமா? பேசாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் இவள் ஊருக்குப் போய்விட்டால் பிறகு கேட்கவே முடியாது.

"ஏட்டி ஜெஸ்மி, உள்ளதச் சொல்லு. அந்த எலுமிச்சங்கா விஷயத்த நீயும் நம்புனியா?"

ஜெஸ்மி மழையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நம்புனேன் மக்கா. சுபிஷாவ விட நான்தான் கூடுதல் நம்புனேன்."

ராணி இத்தனை வருஷம் கட்டிக் காத்தது ஒரு வார்த்தையில் போயிற்று. கோபம்கூட வரவில்லை, வெறும் அவமானமாக இருந்தது. பிறகு ஏன் அடுத்த அறைக்குப் போகவில்லை என்று கேட்டாள்.

"ராவெல்லாம் ஒறங்காம கெடுகெடுன்னு வெறச்சுகிட்டுதான் கெடந்தேன். விடியக்குள்ள செத்துருவேன்னு நெனச்சேன். ஆனா நானும் எழும்பிப் போனா நீ ஒத்தைக்கிலா கெடப்ப?"

ராணி தன்னை நம்பிய ஒருத்தியைத்தான் இத்தனை காலம் நெஞ்சில் வைத்திருந்தாள். தன்மேல் சந்தேகமே இல்லாதவளுக்குப் பக்கத்தில் படுப்பதில் என்ன சிரமம்? இவளோ சாவுக்குப் பயந்துகொண்டே படுத்திருக்கிறாள். ராணி மேஜையைச் சுற்றிப் போய் அவளைக் கட்டிக்கொண்டு, கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல், வாய்விட்டு அழுதாள்.