வெண்கட்டிக் கோடு

மூதூர்க் கச்சேரியில் முதன்முறை பார்த்தபோது முனாப் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சாம்பல்தீவில் இரண்டாம் முறை பார்த்த பிறகு அவனுக்கு நித்திரை போய்விட்டது. எலெக்ரிக் ஓகனில் வயலின் சத்தத்தை விட்டு அவன் புல்லாங்குழல் சத்தத்துக்கு மாறுகிற அதே நொடியில், மேடைக்குக் கீழே மிக்ஸர் பெட்டியோடு இருக்கிற யோகலிங்கத்தின் கை ஓகனுக்குரிய குமிழுக்குப் போகிறது. இடப்பக்கம் ஒரு திருகு. குழல் முடிந்ததும் குமிழ் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

மனிசன் குறைக்கிறார். குழலில் மட்டும் குறைக்கிறார்.

காரணம் தேடி முனாப் தூரம் போகத் தேவையிருக்கவில்லை. இசைக்குழுவில் அக்கோடியன் வாசிக்கிற சிவபாதம், யோகலிங்கத்தின் பெண்சாதிக்குத் தம்பி. நிலாவெளியில் வெள்ளைக்காரருக்கென்று கட்டின ஹோட்டலில் பின்னேரங்களில் வாசிக்க ஒரேயொரு ஆள் வேண்டுமாம். மனேஜர் சனிக்கிழமை நகர மண்டபத்துக்கு வந்து இருவரையும் கேட்டுவிட்டு ஒருவரை எடுப்பாராம்.

முனாபுக்கு அந்த வேலை வேண்டும். பதினான்கு வருஷமாகச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்குள் இறங்கி, இரும்பில் பிடித்த துருவை, கறளை, சுத்தியலால் தட்டி எடுக்கிறான். மூடின இரும்புக்குள் பத்துச் சுத்தியல் ஒன்றாக விழுந்தால் சத்தம் வெளியே போக வழியில்லாமல் மண்டைக்குள்தான் வந்து குடியிருக்கும். வேலை விட்டு வந்து துப்பினால் எச்சில் செங்கல் நிறம். ஓகனைத் தொடும்போது மட்டும்தான் தானும் ஒரு மனிசன் என்று அவனுக்குப் படும்.

சனிக்கிழமை பின்னேரம், சனம் வருமுன் அவன் வழக்கம்போல் சத்தங்களைச் சமப்படுத்தினான். ஓகனின் ஒரு கட்டையை வயலின் சத்தத்தில் அழுத்துவான். அதே கட்டையைக் குழல் சத்தத்தில் அழுத்துவான். இரண்டும் காதில் ஒரே கனமாக விழும்வரை ஓகனில் குழல் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்பை மேலே தள்ளுவான். சரிவந்த இடத்தில் வெண்கட்டியால் ஒரு கோடு. கறள் தின்ற தகட்டில் கங்காணி அடையாளம் போடுகிற வெண்கட்டிதான். சட்டைப் பைக்குள் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.

யோகலிங்கம் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, குழலைக் கொஞ்சம் இறக்கி வைப்பமே இண்டைக்கு?"

"ஏனண்ணை, அக்கோடியனுக்கு இடம் காணாதாமோ?"

யோகலிங்கம் எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அந்த விழுங்கல் முனாபுக்குப் போதும். மிக்ஸரில் ஓகன் குமிழின் அடியில் இருந்த சின்ன ஆணியைக் கத்தி முனையால் தளர்த்தினான். இனிக் குமிழ் சுற்றும். உள்ளே ஒன்றும் அசையாது.

மண்டபம் நிறைந்தது. முன்வரிசையில் மனேஜர் கால்மேல் கால் போட்டிருந்தார். பெண்கள் பக்கத்தில் முனாபின் மனைவி பல்கீஸ். முதற்பாட்டின் தொடக்கம் வயலினில் நன்றாகத்தான் போனது. முனாப் குழலுக்கு மாறினான். யோகலிங்கத்தின் கை குமிழுக்குப் போனது, திருகியது, திரும்பத் திருகியது. அவர் முகம் வெளிறியதைக் கண்டு முனாப் உள்ளுக்குள் சிரித்தான். குழல் அவன் காதில் வயலினின் அதே அளவில், அளந்து ஊற்றினதுபோல் விழுந்துகொண்டிருந்தது.

மனேஜர் காலை இறக்கி நெற்றியைச் சுருக்கினார். எங்கோ ஒரு குழந்தை வீரிட்டது. இதுவும் இவர்கள் சேர்ந்து போட்ட திட்டமோ என்றுதான் முனாபுக்கு முதலில் ஓடியது. ஆளை விட்டு முகம் சுழிக்கச் சொல்லியிருப்பார்கள். பிறகு பல்கீஸைப் பார்த்தான். அவள் முக்காட்டுக்கு மேலால் இரண்டு உள்ளங்கைகளையும் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணால் அவனைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஆரும் சொல்லிக் கொடுத்திருக்க ஏலாது.

வலக்கை வாசித்துக்கொண்டிருக்க, இடக்கையால் குழலின் நெம்பைப் பிடித்தான். கோட்டைத் தாண்டிக் கீழே இழுத்தான். பல்கீஸின் கை இறங்கவில்லை. இன்னும் இழுத்தான். அவன் காதில் குழல் தேய்ந்து, சுவருக்கு அப்பால் போய், கடைசியில் விரல் மட்டும்தான் அசைகிறது என்கிற மட்டுக்கு வந்தது. அப்போதுதான் அவள் கையை எடுத்தாள். குழந்தையும் அடங்கிவிட்டிருந்தது.

இடைவேளை வரைக்கும் குழல் வரும் இடமெல்லாம் அவன் விரலை நம்பித்தான் வாசித்தான். இடைவேளையில் யோகலிங்கம் குமிழின் ஆணியை முறுக்கிக்கொண்டிருக்க, பக்கத்தில் போய்க் குந்தினான்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மூதூரிலயே தெரியும். கீச்சுச் சத்தம் உங்களுக்கு விழுறேல்ல எண்டு. எங்கட ஐயாவும் தாங்கியில கறள் தட்டினவர்தானே, அவருக்கும் இப்பிடித்தான்."

"சொல்லியிருக்கலாம்."

"சொன்னா ஊர் கதைக்கும். ஹோட்டல்காரன் காதுக்கும் போகும். நான் திருகிக்கொண்டிருந்தாப் போச்சு எண்டு விட்டிட்டன்."

"சிவபாதத்துக்குத் தெரியுமோ?"

"அவனுக்கு ஏன் சொல்லப் போறன்?" யோகலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "இன்னும் என்னில சந்தேகம்தான், என்ன?"

மனேஜர் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். முதற்பாட்டில் ஏன் அப்படிக் கத்தியது என்று கேட்டார். யோகலிங்கம் குமிழைக் காட்டி, ஆணி கழன்றிருந்ததைத் தான் பார்க்காமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். மனேஜர் முனாபைத் திங்கட்கிழமை வரச் சொன்னார். ஒரு கிழமை, ஏழு நாள், வைத்துப் பார்ப்பாராம். ஆனால் அங்கே மிக்ஸரும் இல்லை, அதற்கு ஆளும் இல்லை. அவனேதான் எல்லாம் பார்க்க வேண்டுமாம்.

கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடக்கும்போது முனாப் பல்கீஸிடம் மெல்லக் கேட்டான்.

"உண்மையாவே காது குத்தினதோ?"

"வீட்டில ரேடியோவைக் கூட்டி வைக்கிறது ஆரெண்டு நினைக்கிறீங்க? பக்கத்து வீட்டு றுக்கியா ஏன் இந்தச் சத்தம் எண்டு எத்தினை நாள் கேட்டிட்டா."

திங்கட்கிழமை ஹோட்டல் விறாந்தை ஓரத்தில் ஓகனை வைத்ததும் பழைய கோட்டை எச்சில் தொட்டு அழித்தான். கூட வந்த பல்கீஸைத் தூரத்துக் கதிரையில் இருத்தினான். குழலில் ஒரு கட்டையை அழுத்தி, அவள் தலையாட்டும்வரை நெம்பை இறக்கினான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடத்தில் வெண்கட்டியால் கோடு போட்டான். பிறகு, அவளைத் திரும்பிப் பார்த்து, இன்னொரு முறை அழுத்தினான்.